மறுதேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்கு அரசியலமைப்புப் பாடம் எடுக்கிறேன். சட்டப்பேரவைக் கூட்டத்தொடர் முடிந்த மறுநாள் யாராவது ஒருவர் நாளிதழும் கையுமாக வந்து, "மறுதேதி குறிப்பிடாமல் ஒத்திவைத்துவிட்டார்களாமே, ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. மாணவர்கள்தான் என்றில்லை, அவர்களைக் கொண்டுவந்து விடும் பெற்றோரும் இதையேதான் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன். முதலில் வருபவை எளியவை. போகப்போக முடிச்சு இறுகும்.

மறுதேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பு என்றால் என்ன? ஏதோ தகராறு நடந்ததால்தான் அப்படிச் செய்கிறார்களா?

தகராறு எதுவும் இல்லை. அந்தக் கூட்டத்தொடருக்கென்று வைத்திருந்த வேலை முடிந்தது, அடுத்து என்றைக்குக் கூடுவது என்று இப்போது சொல்லவில்லை, அவ்வளவுதான். மற்ற நாட்களில் பேரவைத் தலைவர் (சபாநாயகர்) மறுநாள் காலை இத்தனை மணிக்கு அவை மீண்டும் கூடும் என்று அறிவித்துவிட்டு எழுவார். கடைசி நாளில் நாளும் நேரமும் சொல்லாமல் எழுவார். லத்தீனில் இதற்கு 'சைனி டை' என்று பெயர். 'நாள் இன்றி' என்று பொருள்.

சில நாளிதழ்கள் இதையே 'காலவரையின்றி' என்று எழுதுகின்றன. பிழையில்லை. ஆனால் அந்தச் சொல் வேலைநிறுத்தச் செய்திகளோடு ஒட்டிப் போனது. படிப்பவர் பதறுவதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அமர்வு, கூட்டம், கூட்டத்தொடர் எல்லாம் ஒன்றுதானே? பத்திரிகைகளில் மாற்றி மாற்றி எழுதுகிறார்களே?

மாற்றி எழுதுவதால்தான் பாதிக் குழப்பம். அவை ஒரு நாளில் உட்கார்ந்து எழுவது அமர்வு. ஆளுநரோ குடியரசுத் தலைவரோ அழைத்து அவை கூடும் முதல் நாளிலிருந்து, அவரே அதை முடித்துவைக்கும் நாள் வரை உள்ள மொத்தக் காலமும் கூட்டத்தொடர். நாடாளுமன்றத்தில் வழக்கமாக ஆண்டுக்கு மூன்று தொடர்கள்: பட்ஜெட், மழைக்காலம், குளிர்காலம். 'கூட்டம்' என்ற சொல்லை இரண்டுக்கும் போடுகிறார்கள். தேர்வுத்தாளில் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

நாடாளுமன்ற பட்ஜெட் தொடரின் நடுவே சில வாரங்கள் அவை கூடாமல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். துறைசார்ந்த நிலைக்குழுக்கள் மானியக் கோரிக்கைகளை, அதாவது அமைச்சகங்கள் செலவுக்குக் கேட்கும் தொகைகளை, ஆராய்வதற்கான நாட்கள் அவை. 1993இல் அந்தக் குழுக்கள் முழு வடிவம் பெற்றதிலிருந்து இந்த ஏற்பாடு நடக்கிறது. அது வெறும் இடைவேளைதான். தொடர் அப்போதும் உயிரோடு இருக்கிறது.

ஒத்திவைப்பது யார், முடித்துவைப்பது யார், கலைப்பது யார்? ஒவ்வொரு தேர்விலும் இதில்தான் மதிப்பெண் போகிறது, ஐயா.

ஒத்திவைப்பது அவையை நடத்துபவர். மக்களவையிலும் சட்டப்பேரவையிலும் சபாநாயகர், மாநிலங்களவையில் அதன் தலைவரான குடியரசுத் துணைத் தலைவர். தேதி சொல்லி ஒத்திவைப்பது, தேதி சொல்லாமல் ஒத்திவைப்பது இரண்டும் இவர்கள் கையில்தான் இருக்கின்றன. கூட்டத்தொடரை முடித்துவைப்பது நாடாளுமன்றத்துக்குக் குடியரசுத் தலைவர் (அரசியலமைப்பின் பிரிவு 85), மாநிலத்துக்கு ஆளுநர் (பிரிவு 174). கலைப்பதும் இதே இரு பிரிவுகளின்படி இதே இருவர். ஆனால் மக்களவையையும் சட்டப்பேரவையையும்தான் கலைக்க முடியும். மாநிலங்களவைக்குக் கலைப்பே கிடையாது.

அடையாளம் ஒன்று சொல்கிறேன். ஒத்திவைப்புக்கு இருக்கையில் இருப்பவரின் வாய்ச்சொல் போதும். முடித்துவைப்புக்கும் கலைப்புக்கும் அவைக்கு வெளியே இருக்கும் ஒருவரின் எழுத்துப்பூர்வமான உத்தரவு வேண்டும். செய்தியில் 'ஆளுநர் உத்தரவு' என்று இருந்தால் அது ஒத்திவைப்பாக இருக்க முடியாது.

அப்படியானால் கடைசி நாளில் அவை எழுந்த பிறகும் கூட்டத்தொடர் முடியவில்லையா?

முடியவில்லை. சபாநாயகர் எழுந்ததற்கும் ஆளுநர் உத்தரவு வருவதற்கும் நடுவே சில நாட்களோ சில வாரங்களோ கழியும். சில மாநிலங்களில் மாதக்கணக்கில்கூட இழுப்பதுண்டு. அந்த இடைவெளியில் அவை கூடியிருக்கவில்லை, ஆனால் கூட்டத்தொடரில்தான் இருக்கிறது. கேட்க வேடிக்கையாக இருக்கும். கீழே வரும் தகராறுகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியிலிருந்தே முளைக்கின்றன. அதனால் இந்தப் பதிலை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கூச்சல் போட்டால் பிற்பகல் வரை ஒத்திவைக்கிறார்களே, அதுவும் இதில் சேருமா?

அது சாதாரண ஒத்திவைப்பு. 2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி கே. பழனிசாமி நம்பிக்கை வாக்குக் கோரிய நாளை நினைத்துப் பாருங்கள். ரகசிய வாக்கெடுப்பு கேட்டு எதிர்க்கட்சிகள் எழுப்பிய அமளியில் சபாநாயகர் தனபால் அவையைப் பிற்பகல் 1 மணி வரை ஒத்திவைத்தார். கூடியதும் மறுபடி அமளி, மறுபடி 3 மணி வரை ஒத்திவைப்பு. திமுக உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்ட பிறகு, 122க்கு 11 என்று தீர்மானம் நிறைவேறியது. இத்தனையும் ஒரே நாள், ஒரே அமர்வு.

மறைந்த தலைவர்களுக்கு இரங்கல் தெரிவித்துவிட்டு நாள் முழுவதும் ஒத்திவைப்பதும் இந்த வகைதான். போதிய உறுப்பினர்கள் இல்லாவிட்டாலும் ஒத்திவைக்க வேண்டும். நாடாளுமன்றத்தில் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. மாநிலப் பேரவையில் பத்துப் பேர் அல்லது பத்தில் ஒரு பங்கு, எது அதிகமோ அது. 234 பேர் கொண்ட தமிழ்நாடு பேரவைக்கு 24 பேர்.

எதிர்க்கட்சிகள் ஒத்திவைப்புத் தீர்மானம் கொண்டுவந்தால் அவையை ஒத்திவைத்துவிட வேண்டுமா?

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். பட்டியலில் உள்ள அலுவலைத் தள்ளிவைத்துவிட்டு, இந்த அவசரப் பிரச்சினையை இப்போதே பேசுவோம் என்பதுதான் அந்தத் தீர்மானம். ஒத்திவைக்கப்படுவது அன்றைய வேலை. அவை உட்கார்ந்து பேசும். மக்களவையில் குறைந்தது 50 உறுப்பினர் ஆதரவு வேண்டும். அனுமதி கிடைத்தால் விவாதம் இரண்டரை மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. நிறைவேறினால் அது அரசுக்கு வைக்கும் குட்டு. அதனால்தான் ஆளும் தரப்பு அதை எளிதில் உள்ளே விடுவதில்லை.

மாநிலங்களவையில் இந்தத் தீர்மானம் கிடையாது. அங்கே விதி 267இன் கீழ் அன்றைய அலுவலை நிறுத்திவைக்கக் கோரி நோட்டீஸ் கொடுக்கிறார்கள். செய்திகளில் அதையும் 'ஒத்திவைப்புத் தீர்மானம்' என்றே எழுதிவிடுகிறார்கள்.

கூட்டத்தொடர் முடிந்தால் நிலுவையில் உள்ள மசோதாக்கள் என்ன ஆகும்?

ஒன்றும் ஆகாது. முடித்துவைப்பதால் எந்த மசோதாவும் காலாவதியாகாது என்று பிரிவு 107ம், மாநிலங்களுக்குப் பிரிவு 196ம் தெளிவாகச் சொல்கின்றன. மக்களவை விதிகளின்படி, நிலுவையில் உள்ள நோட்டீஸ்கள் மட்டும் காலாவதியாகும். அதிலும் மசோதா அறிமுகத்துக்கான நோட்டீஸ்களுக்கு விலக்கு உண்டு. பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கே தொடர் முடிந்தால், அடுத்த தொடருக்கு எடுத்துச் செல்ல ஏற்பாடு செய்யாத மசோதாக்கள் பொதுவாக அழிந்துபோகும். ஆங்கிலப் புத்தகத்தை அப்படியே மனப்பாடம் செய்பவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

கலைப்பு அப்படி இல்லை. மக்களவையில் நிலுவையில் இருப்பவையும், மக்களவை நிறைவேற்றி மாநிலங்களவையில் காத்திருப்பவையும் கலைப்போடு போய்விடும். மாநிலங்களவையில் அறிமுகமாகி, மக்களவைக்கு இன்னும் வராதவை பிழைக்கும். மகளிர் இடஒதுக்கீட்டு மசோதாவின் கதை இதற்கு நல்ல பாடம். முன்பு மக்களவையில் கொண்டுவந்தவை ஒவ்வொரு கலைப்பிலும் மடிந்ததால், 2008இல் அதை மாநிலங்களவையில் அறிமுகம் செய்தார்கள். 2009இல் மக்களவை கலைந்தது, மசோதா தப்பியது. 2010 மார்ச் 9 அன்று மாநிலங்களவை அதை நிறைவேற்றியது. அதன்பின் மக்களவையில் அது அப்படியே கிடந்தது. 2014இல் அந்த மக்களவை கலைந்ததும் மசோதாவும் காலாவதியானது. 2023இல் புதிய மசோதாவாகத்தான் மீண்டும் வந்தது.

ஆறு மாதத்துக்குள் அவையைக் கூட்ட வேண்டும் என்கிறார்களே, அந்த ஆறு மாதம் எந்த நாளிலிருந்து?

ஒரு தொடரின் கடைசி அமர்வு நடந்த நாளிலிருந்து, அடுத்த தொடரின் முதல் அமர்வு நாள் வரை. ஆளுநர் முடித்துவைத்த தேதிக்கும் இந்தக் கணக்குக்கும் தொடர்பில்லை. கொரோனா ஆண்டில் தமிழ்நாட்டில் பேரவை 2020 மார்ச் 24 அன்று எழுந்தது. கோட்டையிலுள்ள மண்டபத்தில் இடைவெளி விட்டு உட்கார வழியில்லை என்பதால், செப்டம்பர் 14 அன்று கலைவாணர் அரங்கத்தில் மூன்று நாள் தொடரைக் கூட்டினார்கள். அந்த மாதம் 24ஐத் தாண்டியிருந்தால் அரசியலமைப்பு மீறலாகியிருக்கும்.

ஹரியானாவில் 2024இல் இதே கணக்கு வேறு விதமாகத் தீர்ந்தது. பேரவை கடைசியாக மார்ச் 13 அன்று கூடியிருந்தது, அக்டோபரில் தேர்தல். நடுவே பேரவையைக் கூட்டுவதற்குப் பதிலாக, அமைச்சரவைப் பரிந்துரையின்பேரில் ஆளுநர் செப்டம்பர் 12 அன்று பேரவையைக் கலைத்துவிட்டார். கலைந்த அவைக்கு ஆறு மாதக் கெடு இல்லை.

முடித்துவைத்தால் என்ன, வைக்காவிட்டால் என்ன? வெறும் சம்பிரதாயம்தானே?

அவசரச் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே, அவை தொடரில் இல்லாதபோது குடியரசுத் தலைவரோ ஆளுநரோ பிறப்பிக்கும் தற்காலிகச் சட்டம். தமிழ்நாடுபோல் மேலவை இல்லாத மாநிலத்தில், சட்டப்பேரவை கூட்டத்தொடரில் இருக்கும்போது ஆளுநர் அவசரச் சட்டம் பிறப்பிக்க முடியாது (பிரிவு 213). சபாநாயகர் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைத்திருந்தாலும், முன்பு சொன்னபடி தொடர் உயிரோடு இருப்பதால் தடை நீடிக்கும். அவசரச் சட்டம் வேண்டுமென்றால் முதலில் தொடரை முடித்துவைக்க வேண்டும்.

நாடாளுமன்றத்தில் இரு அவைகளும் தொடரில் இருந்தால்தான் தடை. 2015இல் மத்திய அரசு இதைப் பயன்படுத்தியது. நிலம் கையகப்படுத்தல் அவசரச் சட்டம் காலாவதியாகும் நிலையில் பட்ஜெட் தொடரின் இடைவேளை நடந்துகொண்டிருந்தது. மார்ச் 28 அன்று மாநிலங்களவையின் தொடரை மட்டும் முடித்துவைத்து, ஏப்ரல் தொடக்கத்தில் அவசரச் சட்டத்தை மீண்டும் பிறப்பித்தார்கள். மக்களவை தொடரில்தான் இருந்தது. சட்டப்படி சரி. அழகு என்று யாரும் சொல்லவில்லை.

நம் ஊர் உதாரணம் ஜல்லிக்கட்டு. மெரினாவில் கூட்டம் திரண்டிருந்த நேரத்தில், 2017 ஜனவரி 21 அன்று அவசரச் சட்டம் வந்தது. 23 அன்று ஆளுநர் உரையோடு புதிய தொடர் தொடங்கி, அன்றே மசோதாவும் நிறைவேறியது. இரண்டு நாள் தள்ளிப் போயிருந்தால் அவசரச் சட்டத்துக்கு வழியே இருந்திருக்காது.

தேதி குறிப்பிடாமல் ஒத்திவைத்த அவையை, ஆளுநரைக் கேட்காமல் சபாநாயகரே திரும்பக் கூட்டலாமா?

தொடர் முடித்துவைக்கப்படாமல் இருந்தால் கூட்டலாம். மக்களவை விதி 15 இதை வெளிப்படையாகவே சொல்கிறது: தேதி குறிப்பிடாமல் ஒத்திவைத்த பிறகும் எந்த நேரத்திலும் சபாநாயகர் அமர்வை அழைக்கலாம். முடித்துவைத்த பிறகு அது முடியாது. ஆளுநர் மறுபடி அழைக்க வேண்டும்.

பஞ்சாபில் 2023இல் இது உச்ச நீதிமன்றம் வரை போனது. மார்ச்சில் பட்ஜெட் தொடரைத் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைத்த சபாநாயகர், ஜூன் 19, 20 தேதிகளில் அவையை மீண்டும் கூட்டினார். நான்கு மசோதாக்கள் நிறைவேறின. தமிழ்நாட்டில் முன்பு ஆளுநராக இருந்த பன்வாரிலால் புரோகித்தான் அப்போது பஞ்சாப் ஆளுநர். அந்த அமர்வே சட்டவிரோதம் என்று சொல்லி மசோதாக்களை வைத்துக்கொண்டார். நவம்பர் 10 அன்று வந்த தீர்ப்பு சபாநாயகர் பக்கம். அவையை நடத்துவதில் அவரே எஜமான், அமர்வு செல்லுமா என்று ஆளுநர் ஐயம் எழுப்ப முடியாது, மசோதாக்கள்மீது முடிவெடுக்க வேண்டும் என்றது நீதிமன்றம். அதற்காக ஒரே தொடரை முடிவில்லாமல் இழுத்துக்கொண்டே போகவும் கூடாது என்றும் சொன்னது. அந்த இரண்டாவது பாதியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

ஆளுநர் உரையைத் தவிர்ப்பதற்காகவே சில மாநிலங்கள் தொடரை முடிக்காமல் வைத்திருக்கின்றன என்கிறார்களே, உண்மையா?

நோக்கத்தை நான் சொல்ல மாட்டேன், விளைவைச் சொல்கிறேன். ஆண்டின் முதல் கூட்டத்தொடர் தொடங்கும்போது ஆளுநர் உரையாற்ற வேண்டும் என்கிறது பிரிவு 176. பழைய தொடர் முடியவில்லை என்றால் புதிய தொடர் தொடங்கவில்லை. அப்போது உரையும் தேவையில்லை. தெலங்கானாவில் 2022 மார்ச் 7 அன்று பட்ஜெட் அமர்வு இப்படித்தான் தொடங்கியது: முந்தைய ஆண்டில் ஒத்திவைத்த தொடரின் தொடர்ச்சி என்று அரசு சொல்லிவிட்டது. ஆளுநராக இருந்த தமிழிசை சௌந்தரராஜன் தன் அதிருப்தியை வெளிப்படையாகவே தெரிவித்தார். அடுத்த ஆண்டு பட்ஜெட் விவகாரம் உயர் நீதிமன்றத்துக்குப் போய், அங்கே இரு தரப்பும் சமரசத்துக்கு வந்தன; 2023 பிப்ரவரியில் ஆளுநர் உரை நடந்தது.

என்னைக் கேட்டால், சட்டத்தின் எழுத்தில் ஓட்டை இல்லை. ஆனால் உரை என்பது ஆளுநரின் சொந்தப் பேச்சன்று. அமைச்சரவை எழுதிக் கொடுப்பது. அதை விட்டுவிட்டால், அரசின் ஓராண்டுத் திட்டத்தை முன்வைத்து நடக்கும் நன்றி தெரிவிக்கும் தீர்மான விவாதமும் சேர்ந்து போகிறது. நட்டம் அவைக்குத்தான்.

ஆளுநர் தானாகவே தொடரை முடித்துவைக்க முடியுமா? மேற்கு வங்கத்தில் அப்படி நடந்ததே?

அப்படித்தான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். 2022 பிப்ரவரி 12 முதல் மேற்கு வங்கப் பேரவைத் தொடரை முடித்துவைப்பதாக ஆளுநர் ஜகதீப் தன்கர் அறிவித்ததும் பரபரப்பு கிளம்பியது. அப்போது நம் முதல்வராக இருந்த மு.க. ஸ்டாலினும் கண்டித்துப் பதிவிட்டார். மாநில அரசு கேட்டுக்கொண்டதன்பேரில்தான் செய்தேன் என்று தன்கர் பதில் சொன்னார். ஆளுநர் இதில் அமைச்சரவை ஆலோசனைப்படி நடக்க வேண்டியவர். அங்கே நடந்ததும் அதுவே. 'முடித்துவைப்பு' என்ற சொல்லைக் கேட்டதும் 'முடக்கம்' என்று காதில் விழுந்தால் இப்படி ஆகும்.

முடக்கம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அது என்ன தனியாக?

குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தவுடன் பேரவையைக் கலைக்காமல், செயல்படாத நிலையில் வைப்பது. உறுப்பினர்கள் பதவியில் இருப்பார்கள், அவை கூடாது. கர்நாடக முதல்வராக இருந்த எஸ்.ஆர். பொம்மையின் வழக்கில் 1994 மார்ச் 11 அன்று வந்த தீர்ப்பில், நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஒப்புதல் தரும்வரை பேரவையைக் கலைக்கக் கூடாது, முடக்கி மட்டுமே வைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1976, 1980, 1991 ஆகிய ஆண்டுகளில் தமிழ்நாட்டில் ஆட்சிகளைக் கலைத்தபோது அந்தப் பாதுகாப்பு இல்லை.

சபாநாயகரே அவையை ஒத்திவைத்துவிட்டுப் போய்விட்டால், ஆட்சி நடக்குமா?

நடந்திருக்கிறது, தட்டுத்தடுமாறி. 1967இல் மேற்கு வங்கத்தில் அஜய் முகர்ஜி அமைச்சரவையை ஆளுநர் நீக்கி பி.சி. கோஷை முதல்வராக்கினார். நவம்பர் 29 அன்று அவை கூடியதும் சபாநாயகர் விஜய் பானர்ஜி, இந்த நியமனமே அரசியலமைப்புக்கு விரோதம் என்று சொல்லி, தேதி குறிப்பிடாமல் ஒத்திவைத்துவிட்டார். புதிய அரசால் பெரும்பான்மையை நிரூபிக்க முடியவில்லை.

அடுத்த ஆண்டு பஞ்சாபில் இன்னும் சிக்கல். சபாநாயகர் ஜோகிந்தர் சிங் மான், 1968 மார்ச் 7 அன்று அவையை இரண்டு மாதத்துக்கு ஒத்திவைத்தார். நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. அதற்குள் பட்ஜெட் நிறைவேறாவிட்டால் ஏப்ரலில் செலவுக்கு ஒரு ரூபாய் எடுக்க முடியாது. ஒத்திவைத்தவரின் உத்தரவை ஆளுநரால் மாற்ற முடியாது. ஆனால் தொடரையே முடித்துவைக்கலாமே! மார்ச் 11 அன்று முடித்துவைத்தார். தொடர் இல்லாததால் அவசரச் சட்டத்துக்கு வழி பிறந்தது. நிதி அலுவல் முடியும்வரை அவையின் ஒப்புதல் இல்லாமல் ஒத்திவைக்கக் கூடாது என்று 13 அன்று சட்டம் போட்டார். 18 அன்று அவை மறுபடி கூடியது. சபாநாயகர் வந்து, இதெல்லாம் செல்லாது, என் பழைய ஒத்திவைப்பே நிற்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். துணை சபாநாயகர் இருக்கையில் அமர்ந்து நிதி மசோதாக்களை நிறைவேற்றினார். உயர் நீதிமன்றம் அவற்றைச் செல்லாது என்றது. உச்ச நீதிமன்றம் ஜூலை 30 அன்று ஆளுநர் செய்தது சரி என்றது. ஒத்திவைப்பு, முடித்துவைப்பு, அவசரச் சட்டம் மூன்றும் பதினோரு நாட்களுக்குள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்ட கதை இது. இதைப் புரிந்துகொண்டவருக்கு மேலே உள்ள எந்தக் கேள்வியும் கடினமாகத் தோன்றாது.

தமிழ்நாட்டிலும் 1972 டிசம்பர் 2 அன்று, எம்.ஜி.ஆர் திமுகவிலிருந்து பிரிந்திருந்த நேரத்தில், சபாநாயகர் மதியழகனும் துணை சபாநாயகர் சீனிவாசனும் ஒரே நேரத்தில் அவையை நடத்த முயன்றார்கள். அன்றே மதியழகன் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்.

இலங்கையிலும் லண்டனிலும் இதே பிரச்சினை வந்தது என்கிறார்களே?

இலங்கையில் 2018 அக்டோபர் 26 அன்று பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவை நீக்கிய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, மறுநாளே பாராளுமன்றக் கூட்டத்தொடரை முடித்துவைத்தார். புதிய பிரதமருக்கு ஆள் சேர்க்க அவகாசம் தேடினார் என்பதுதான் அப்போதைய குற்றச்சாட்டு. அங்கே ஜனாதிபதி அப்படி முடித்துவைக்கலாம். ஆனால் அடுத்த தொடருக்கான தேதியை இரண்டு மாதத்துக்குள் குறித்தாக வேண்டும். நவம்பர் 9 அன்று அவர் பாராளுமன்றத்தைக் கலைத்தபோதுதான் எல்லை தாண்டினார். இரா. சம்பந்தன் உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில், டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் அந்தக் கலைப்பைச் செல்லாதென்றது.

பிரிட்டனில் 2019 செப்டம்பரில் போரிஸ் ஜான்சன் அரசு பாராளுமன்றத்தை ஐந்து வாரம் முடித்துவைத்தது. 24 அன்று உச்ச நீதிமன்றத்தில் வழக்கைக் கேட்ட பதினொரு நீதிபதிகளும் ஒருமனதாக அது சட்டவிரோதம், நடக்கவே இல்லை என்றார்கள். மறுநாள் அவையைக் கூட்டிய சபாநாயகர் ஜான் பெர்கோ, அவைக் குறிப்பேட்டிலிருந்து முடித்துவைப்பு வரியை நீக்கி, அன்று அவை 'ஒத்திவைக்கப்பட்டது' என்று திருத்தி எழுதச் சொன்னார்.

நீதிமன்றச் செய்தியில் 'தேதி குறிப்பிடாமல் தீர்ப்பு ஒத்திவைப்பு' என்று வருகிறதே?

அது வேறு விவகாரம். வாதங்கள் முடிந்துவிட்டன, தீர்ப்பை எழுதிய பிறகு நாள் சொல்வோம் என்பது அதன் பொருள். வழக்கு விசாரணையைத் தள்ளிப்போடுவதற்கு நம் மக்களிடம் 'வாய்தா' என்ற அருமையான சொல் இருக்கிறது. உரிமையியல் வழக்கு விசாரணையில் ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கூடாது என்று சட்டம் சொல்கிறது. நீதிமன்ற வாசலில் நிற்பவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

கம்பெனிப் பொதுக்கூட்டத்துக்கு ஆள் சேரவில்லை என்றால் அதுவும் தேதி இல்லாமல் ஒத்திவைப்பா?

இல்லை, சட்டமே தேதி குறித்துவிடுகிறது. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம் பிரிவு 103இன்படி, அரை மணி நேரத்தில் கோரம் (கூட்டம் நடக்கத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை) சேராவிட்டால் அடுத்த வாரம் அதே கிழமை, அதே நேரம், அதே இடத்துக்குத் தள்ளிப்போகும். அப்போதும் அரை மணி நேரத்தில் சேராவிட்டால் வந்திருப்பவர்களே கோரம். உறுப்பினர்கள் வற்புறுத்திக் கேட்டுக் கூட்டிய கூட்டமாக இருந்தால் மட்டும் ரத்தாகிவிடும்: கேட்டவர்களே வரவில்லை என்றால் எதற்குக் கூட்டம்?

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கப் பொதுக்குழுவில் கணக்கைக் கேட்டதும் தலைவர் "கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். இருந்தவர்கள் வேறொருவரைத் தலைவராக்கித் தீர்மானம் போட்டோம். செல்லுமா, சார்?

முதலில் உங்கள் சங்க விதிகளைப் பாருங்கள். ஒத்திவைக்கும் அதிகாரம் யாருக்கு என்று அதில் இருந்தால் அதுதான் முடிவு. விதிகள் பேசாமல் இருந்தால் பொதுவான நெறி ஒன்று உண்டு. சட்டமன்ற சபாநாயகருக்கு உள்ள அதிகாரம் சங்கத் தலைவருக்கு இல்லை. வேலை மிச்சம் இருக்கும்போது தனக்குப் பிடிக்காத கேள்வி வந்தது என்பதற்காக அவர் கூட்டத்தை முடிக்க முடியாது. அப்படி எழுந்து போனால், மிச்சமிருப்பவர்கள் வேறு தலைவரைத் தேர்ந்து தொடரலாம் என்று 1894இலேயே ஆங்கில நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் நாற்காலி பறக்கும் அளவுக்கு அமளி என்றால், ஒழுங்கு திரும்பும்வரை தலைவர் சற்று நேரம் ஒத்திவைக்கலாம். உங்கள் கூட்டத்தில் நடந்தது கேள்வியா, அமளியா என்பதுதான் விஷயம். இதற்கு இரு தரப்பும் இரு கதை சொல்வார்கள்.

ஆகவே தீர்மானப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். தலைவர் எத்தனை மணிக்கு எழுந்தார், அப்போது எத்தனை பேர் இருந்தார்கள், கோரம் இருந்ததா, புதியவரை யார் முன்மொழிந்து யார் வழிமொழிந்தார்கள் என்பதெல்லாம் எழுதி, வந்தவர்களின் கையெழுத்தும் இருந்தால் தைரியமாக நில்லுங்கள். அதெல்லாம் இல்லை என்றால், விதிப்படி அறிவிப்புக் கொடுத்து மறுபடி ஒரு பொதுக்குழுவைக் கூட்டி அதே தீர்மானத்தைப் போடுங்கள். வக்கீல் கட்டணத்தோடு ஒப்பிட்டால் டீயும் பஜ்ஜியும் மலிவு.